இடிக்காமல் ஊரைச் சரிசெய்ய முடியுமா? இந்திய நகரங்களை நடந்தே படித்த பேட்ரிக் கெடிஸின் கதை

எம்டன் என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வரும்? 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்துவிட்டுப் போன ஜெர்மன் போர்க்கப்பல். சாமர்த்தியக்காரரை 'அவன் ஒரு எம்டன்' என்று நம் ஊரில் சொல்வது அங்கிருந்து வந்ததுதான்.

அதே எம்டன் அடுத்த மாதம் மினிக்காய் தீவுப் பக்கம் கிளான் கிராண்ட் என்ற சரக்குக் கப்பலை மூழ்கடித்தது. அந்தக் கப்பலில் சென்னைக்கு வந்துகொண்டிருந்த சரக்குகளில் ஒன்று கொஞ்சம் விசித்திரமானது: ஒரு கண்காட்சி. உலகத்தின் பழைய, புதிய நகரங்களின் வரைபடங்கள், ஓவியங்கள், புகைப்படங்கள், மாதிரிகள் எல்லாம் பெட்டி பெட்டியாக. ஒரு மனிதர் பல ஆண்டுகளாகச் சேர்த்தவை. அத்தனையும் கடலுக்கடியில் போனது.

அந்த மனிதர் வேறு கப்பலில் வந்ததால் தப்பித்தார். பெயர் பேட்ரிக் கெடிஸ். ஸ்காட்லாந்துக்காரர். சென்னை மாகாண ஆளுநராக இருந்த பென்ட்லண்ட் பிரபு அழைத்து வந்தவர். அப்போது அவருக்கு 60 வயது. வேறொருவராக இருந்தால் அடுத்த கப்பலில் திரும்பியிருப்பார். இவர் நண்பர்களுக்குக் கடிதம் எழுதி, புதிதாக வரைபடங்களைத் திரட்டி, 1915 தொடக்கத்திலேயே சென்னையில் கண்காட்சியைத் திறந்துவிட்டார். அடுத்த 10 ஆண்டுகளில் பெரும்பகுதியை இந்தியாவில்தான் கழித்தார்.

நகரமைப்பு படிக்கிறவர்களுக்கு இவர் பெயர் தெரியும். மற்றவர்களுக்கு ஏன் தெரிய வேண்டும் என்று கேட்கிறீர்களா? உங்கள் தெருவை அகலப்படுத்த நோட்டீஸ் வரும்போதோ, ஆற்றோரக் குடியிருப்பை அகற்றி 30 கிலோமீட்டர் தள்ளி அடுக்குமாடி கொடுக்கும்போதோ எழும் கேள்விகளை, நம் நகரங்களின் சந்துகளில் நின்று முதன்முதலில் விரிவாக எழுப்பியவர்களில் இவர் ஒருவர். வீடு என்பது கட்டடக் கணக்கா, சமூகக் கணக்கா, பணக் கணக்கா? இந்த மூன்றையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்த ஆள் இவர்.

பட்டமே வாங்காத பேராசிரியர்

கெடிஸ் 1854 அக்டோபர் 2 அன்று ஸ்காட்லாந்தின் பாலட்டர் என்ற ஊரில் பிறந்தார். அப்பா ராணுவத்தில் இருந்தவர். வளர்ந்தது பெர்த் நகரில். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் தாவரவியல் சேர்ந்து ஒரே வாரத்தில் வெளியேறினார். பிறகு லண்டனில் டார்வினின் தோழரான தாமஸ் ஹக்ஸ்லியிடம் உயிரியல் படித்தார். கடைசிவரை ஒரு பட்டமும் வாங்கவில்லை. ஆனால் 1888 முதல் 1919 வரை டண்டீ நகரில் தாவரவியல் பேராசிரியர். வேலை கோடைப் பருவத்தில் மட்டும். மீதி மாதங்கள் அவர் கையில்.

உயிரியல்காரர் வீட்டுப் பிரச்சினைக்கு எப்படி வந்தார்?

இரண்டு காரணங்கள். 1878-ல் பாரிஸ் போனபோது பிரெடெரிக் லெ பிளே என்பவரின் கருத்துகள் அவருக்கு அறிமுகமாயின. லெ பிளே ஒரு சுரங்கப் பொறியாளர். ஐரோப்பா முழுக்கத் தொழிலாளர் குடும்பங்களின் வரவு செலவுக் கணக்கை வீடு வீடாகத் தொகுத்தவர். அரிசி பருப்புக்கு எவ்வளவு, வாடகைக்கு எவ்வளவு என்று நாம் இன்று சர்வே எடுக்கிறோமே, அதற்கு முன்னோடி. (தரவு வேலை பார்க்கிறவள் என்ற முறையில் எனக்கு இவர் மேல் தனிப் பிரியம் உண்டு.) இடம், வேலை, குடும்பம் என்ற மூன்றும் ஒன்றையொன்று வடிவமைக்கின்றன என்பது லெ பிளேயின் முடிவு. கெடிஸ் அதை அப்படியே எடுத்துக்கொண்டு இடம், வேலை, மக்கள் என்று கொஞ்சம் மாற்றினார். மீனவர் குப்பமும் நெசவாளர் தெருவும் ஏன் வேறு மாதிரி இருக்கின்றன என்று யோசித்தால் உங்களுக்கே புரிந்துவிடும். ஒன்றுக்கு வலை காயப்போட மணல் வேண்டும், இன்னொன்றுக்குப் பாவு போட நீளமான தெரு வேண்டும். தொழில்தான் தெருவின் அளவைத் தீர்மானிக்கிறது.

இரண்டாவது காரணம் ஒரு விபத்து மாதிரி. 1879-ல் ஆய்வுக்காக மெக்சிகோ போனவருக்குச் சில வாரங்கள் கண் பார்வை போனது. இருட்டறையில் அடைபட்டுக் கிடந்தபோது ஜன்னல் சட்டங்களைக் கையால் தடவி, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு கருத்தை வைத்து யோசிக்கப் பழகினார். பார்வை திரும்பியது. ஆனால் நுண்ணோக்கியில் நாள் முழுக்கக் கண்ணை வைத்திருக்கும் வேலை இனி முடியாது. அப்போதிருந்து தாளை மடித்துக் கட்டங்களாக்கி யோசிப்பது அவருடைய வாழ்நாள் பழக்கமானது. நம் பாஷையில் சொன்னால், ஸ்ப்ரெட்ஷீட்.

சேரிக்குள் குடிபோன தம்பதி

1886-ல் ஆனா மார்ட்டன் என்பவரைத் திருமணம் செய்தார். இசை படித்தவர், வசதியான வீட்டுப் பெண். இருவரும் எடின்பரோவின் நல்ல தெருவை விட்டுவிட்டு, பழைய நகரத்தில் ஜேம்ஸ் கோர்ட் என்ற நெரிசலான வளாகத்தில் குடியேறினார்கள்.

அந்தப் பழைய நகரம் எப்படி இருந்தது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஒரு காலத்தில் பிரபுக்களும் வக்கீல்களும் வாழ்ந்த உயரமான கல் கட்டடங்கள். 18-ம் நூற்றாண்டின் பிற்பாதியில் எதிரே புதிய நகரம் எழுந்ததும் பணக்காரர்கள் அங்கே போய்விட்டார்கள். விட்டுப்போன பெரிய வீடுகளை அறை அறையாகப் பிரித்து ஏழைகளுக்கு வாடகைக்கு விட்டார்கள். ஒரு குடும்பம் இருந்த தளத்தில் பல குடும்பங்கள். நம் ஊர் ஒண்டுக்குடித்தனம்தான். கட்டடம் அதே கட்டடம். மாறியது குடியிருப்பவர்களின் வருமானமும், ஒரு சதுர அடிக்கு எவ்வளவு வாடகை கறக்கலாம் என்ற உரிமையாளரின் கணக்கும்தான். சேரி என்பது மோசமான கட்டடத்தால் வருவது என்று நினைத்த காலத்தில், இதைக் கண்ணெதிரே பார்த்தவர் கெடிஸ்.

கணவனும் மனைவியும் சுவருக்கு வெள்ளையடித்தார்கள், ஜன்னல்களில் பூந்தொட்டி வைத்தார்கள், அக்கம்பக்கத்தினரையும் சேர்த்துக்கொண்டார்கள். பிறகு பெரிய வேலைகள். மொத்த வளாகத்தையும் இடிக்கவில்லை. நடுவே ரொம்பவும் சிதைந்த ஒன்றிரண்டு கட்டடங்களை மட்டும் எடுத்தார்கள். அந்த இடைவெளியில் வெளிச்சமும் காற்றும் உள்ளே வந்தன. சுற்றியுள்ள வீடுகள் பிழைத்தன. இதற்கு அவர் மருத்துவத்திலிருந்து ஒரு பெயர் எடுத்தார். தமிழில் காக்கும் அறுவைச் சிகிச்சை என்று சொல்லலாம். முதலில் நோயைக் கண்டுபிடி, பிறகு எவ்வளவு குறைவாக வெட்ட முடியுமோ அவ்வளவு மட்டும் வெட்டு.

மாணவர் விடுதி தொடங்கினார், கோட்டைக்குப் பக்கத்தில் ராம்சே கார்டன் குடியிருப்பை எழுப்பினார், 1892-ல் ஒரு பழைய கோபுரத்தை வாங்கி நகர ஆய்வுக்கூடமாக மாற்றினார். காசு? அது எப்போதும் அவருக்கு உதைத்த விஷயம். கடன் மேல் கடன். 1896-ல் நண்பர்கள் ஒரு நிறுவனம் தொடங்கி அவருடைய சொத்துகளை எடுத்துக்கொண்டு காப்பாற்ற வேண்டியிருந்தது. ராம்சே கார்டன் இன்று எடின்பரோவின் விலை உயர்ந்த முகவரிகளில் ஒன்று. ஏழைகளும் படித்தவர்களும் கலந்து வாழும் பேட்டை என்ற கனவு அங்கே நிற்கவில்லை. சீர்செய்த இடத்தின் மதிப்பு ஏறும், ஏறினால் பழைய ஆட்கள் நகர்வார்கள். இந்தச் சிக்கலுக்கு கெடிஸிடம் முழுமையான பதில் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

அவர் இந்தியா வந்தபோது இங்கே என்ன நடந்துகொண்டிருந்தது?

1896-ல் பம்பாயில் பிளேக் வந்தது. அரசாங்கம் பயந்தது, வணிகமும் நின்றது. 1898-ல் பம்பாய் நகர இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் உருவானது. கடன் வாங்கி, நிலம் கையகப்படுத்தி, நெரிசலான பகுதிகளை இடித்து, அகலமான சாலை போட்டு, சாலையோரத்து மனைகளை ஏறிய விலைக்குக் குத்தகைக்கு விட்டுக் கடனை அடைப்பது அதன் வழி. பிறகு மற்ற நகரங்களும் இதையே பின்பற்றின.

இதில் கோளாறு எங்கே? ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். இது புரிவதற்காக நான் போடும் கணக்கு. ஒரு பேட்டையில் 50 அறைகள், 100 குடும்பங்கள் என்று வையுங்கள். அறைக்கு 2 குடும்பம். சுகாதாரம் என்று சொல்லி 20 அறைகளை இடித்துச் சாலை போடுகிறீர்கள். அந்த 100 குடும்பமும் எங்கே போகும்? மில் பக்கத்தில் இருக்கிறது, வேலை அங்கே, கடன் கொடுக்கிற மளிகைக் கடை அங்கே. தூரமாகப் போனால் போகவர ஆகும் செலவு கூலியைத் தின்றுவிடும். அதனால் மீதி 30 அறைக்குள்தான் நெருக்கிக்கொள்வார்கள். இப்போது அறைக்கு 3 குடும்பத்துக்கும் மேல். ஆள் அதிகம், அறை குறைவு, வாடகை ஏறும். புதுச் சாலை பளபளவென்று இருக்கும், அதற்குப் பின்னால் நெரிசல் முன்பைவிட மோசமாகும். பம்பாயில் நடந்தது ஏறக்குறைய இதுதான். டிரஸ்ட் தொடங்கிய ஆண்டுகளில் இடித்த அறைகள், கட்டிய அறைகளைவிட அதிகம்.

கெடிஸ் இதை ஊர் ஊராகச் சொன்னார். இடிப்பது நெரிசலைத் தீர்க்காது, பக்கத்துத் தெருவுக்குத் தள்ளிவிடும். முதலில் காலி இடத்தில் புது வீடு கட்டு, அதற்குப் பிறகு தேவையானால் பழையதைத் தொடு. கேட்க ரொம்பச் சாதாரணமாக இருக்கிறது இல்லையா? நகராட்சிப் பொறியாளர்களுக்கு அது பிடிக்கவே இல்லை.

தஞ்சாவூரில் ஒரு தாள், லாகூரில் ஒரு கோடு

1915-ல் தஞ்சாவூர்க் கோட்டைப் பகுதிக்கு வந்தார். நெரிசலைக் குறைக்க நேர்கோட்டுச் சாலைகளை உள்ளே செலுத்தும் திட்டம் நகராட்சியிடம் தயாராக இருந்தது. கெடிஸ் சந்து சந்தாக நடந்தார். அளவுகோலும் மேசையும் இருந்தால் போதும் என்ற வழியை அவர் ஏற்கவில்லை. வெயிலில் மணிக்கணக்காக நடந்து, எந்தச் சுவர் இடிந்து கிடக்கிறது, எந்த மனை காலி, எந்த மரத்தடியில் ஆட்கள் உட்காருகிறார்கள் என்று அந்த இடத்திலேயே நின்று குறிக்க வேண்டும் என்பது அவர் முறை. அப்படிக் குறித்த வரைபடத்தில் இடிபட வேண்டிய வீடுகள் சில மட்டுமே. இருக்கிற காலி மனைகளையும் பாழடைந்த இடங்களையும் இணைத்தாலே சின்னச் சின்ன முற்றங்கள் திறந்துகொள்ளும். நகராட்சித் திட்டத்தோடு ஒப்பிட்டால் செலவும் மிகக் குறைவு. மதுரை உட்பட மாகாணத்தின் வேறு ஊர்களைப் பற்றியும் இதே காலத்தில் எழுதினார்.

அதன்பின் பரோடா, லக்னோ, கபுர்தலா, பல்ராம்பூர், டாக்கா, கல்கத்தாவின் படா பஜார், 1921-ல் கொழும்பு. லாகூரில் 1917-ல் அவர் பார்த்த திட்டத்தில் நேர்கோடுகள் கோயில், மசூதி, தர்மசாலை, சமாதி, கடை என்று எதையும் பார்க்காமல் ஊடுருவிப் போயின. அந்த அறிக்கையில் அவர் கோபத்தை மறைக்கவே இல்லை.

இந்த அறிக்கைகளை இன்று படித்தாலும் சுவாரசியமாக இருக்கும். காரணம், அவர் கவனித்த விஷயங்கள். வீட்டு முற்றத்தில் துளசி மாடம் இருந்தால் அங்கே ஒரு பெண்மணி தினமும் பெருக்கித் தண்ணீர் தெளிக்கிறார் என்று அர்த்தம். சுகாதார ஆய்வாளர் சொல்லித்தர வேண்டியது பெரிதாக இல்லை. இந்த வெயிலில் திண்ணையும் வராந்தாவும் அறைக்குச் சமம். கொசு வருகிறது என்று குளத்தை மண் போட்டு மூடுவதை எதிர்த்தார். தூர்வாரி, மீன் விடு, வாத்து விடு; குளம் சுற்றுப்புறத்தைக் குளிர்விக்கும், மழைநீரை வாங்கிக்கொள்ளும் என்றார். ஏரிகளை மனை போட்டு விற்றுவிட்டு டிசம்பரில் படகு தேடும் நமக்கு இதைக் கேட்கச் சிரிப்பு வராது.

1917

அந்த ஆண்டு கெடிஸுக்குப் பெரிய அடி. அவரோடு முதல் பயணத்தில் இந்தியா வந்து கண்காட்சிக்கு உதவிய மூத்த மகன் அலஸ்டர், போருக்குத் திரும்பிப் போயிருந்தார். ஏப்ரலில் பிரான்ஸ் போர்முனையில் கொல்லப்பட்டார். செய்தி வந்தபோது ஆனா இங்கே காய்ச்சலில் படுத்திருந்தார். கெடிஸ் அவரிடம் சொல்லவில்லை. மகன் இறந்தது தெரியாமலேயே ஜூன் மாதம் ஆனா இந்தியாவிலேயே இறந்தார். 31 ஆண்டு வாழ்க்கை. அவருடைய கடன்களையும் விடுதிகளையும் கண்காட்சிகளையும் கட்டிச் சுமந்தவர் ஆனாதான் என்று கெடிஸின் வரலாற்றை எழுதியவர்கள் சொல்வார்கள். துணையை இழந்த அந்த மனிதர் அதே ஆண்டில் பல ஊர்களுக்கு அறிக்கை எழுதினார். எப்படி முடிந்தது என்று தெரியவில்லை. வேலைக்குள் ஒளிந்துகொண்டார் போலிருக்கிறது.

இந்தூரின் தீபாவளி

ஹோல்கர் சமஸ்தானத்தின் இந்தூருக்கு அவர் போனபோது அங்கே பிளேக் பயம். மால்வா மில், ஹுகும்சந்த் மில் என்று பஞ்சாலைகள் பெருகி, கிராமங்களிலிருந்து ஆட்கள் வந்து குவிந்துகொண்டிருந்த நகரம். ஆற்றோரம், மில் ஓரம் எல்லாம் நெருக்கடி.

இங்கே அவர் செய்ததை நகரமைப்புப் பாடத்தில் சேர்க்கலாமா, நாடகப் பாடத்தில் சேர்க்கலாமா என்று சொல்வது கடினம். கதையின் பெரும்பகுதி கெடிஸ் பின்னாளில் சொன்னது, அதனால் கொஞ்சம் மசாலாவும் இருக்கலாம். தன்னை ஒரு நாள் மகாராஜாவாக இருக்கவிடும்படி கேட்டாராம். தீபாவளி ஊர்வலம் வழக்கமான பாதையில் போகாது, எந்தத் தெருக்காரர்கள் அதிகமாக வீட்டைச் சுத்தம் செய்து பழுது பார்க்கிறார்களோ அந்தத் தெரு வழியாகத்தான் போகும் என்று அறிவிப்பு. அவ்வளவுதான். ஊரே பெருக்கியது, வெள்ளையடித்தது, வண்டி வண்டியாகக் குப்பை வெளியேறியது, எலிகள் பிடிபட்டன. ஊர்வலத்தில் லட்சுமியின் தேர், யானைகள், புதிய வீடுகளின் மாதிரிகள், வெள்ளை உடுத்தி மாலையணிந்த துப்புரவுத் தொழிலாளர்கள். அவர்களின் தலைவருக்கு கெடிஸே வணக்கம் வைத்தார். கடைசியில் அழுக்கு அரக்கனும் பிரம்மாண்டமான பிளேக் எலியும் தீயில் எரிந்தன. அந்தச் சமயத்துக்குள் பிளேக் எலித்தெள்ளு வழியாகப் பரவுகிறது என்பது தெரிந்திருந்தது. ஆக, எலியை எரித்தது வெறும் வேடிக்கை இல்லை.

1918-ல் இந்தூர் அறிக்கை 2 தொகுதிகளாக வெளிவந்தது. அவர் எழுதிய இந்திய அறிக்கைகளில் மிகப் பெரியது இதுதான்.

இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். மாலை போட்டுக் கும்பிட்ட பிறகு அந்தத் துப்புரவுத் தொழிலாளர்கள் மறுநாள் எங்கே போனார்கள்? அதே வேலைக்கு, அதே சேரிக்குத்தான். கெடிஸுக்கு இந்தியப் பேட்டைகளின் சமூக உறவு பெரிய அதிசயமாகத் தெரிந்தது. கோயில், குளம், மரத்தடி, பஞ்சாயத்து. அந்த உறவுக்கு உள்ளே சாதி எப்படிச் சுவர் எழுப்பியிருக்கிறது என்பதை அவர் தேவையான அளவு பார்க்கவில்லை. சாதிவாரியாகப் பிரிந்த தெருக்களை அவர் பெரும்பாலும் இயல்பான அமைப்பாகவே எடுத்துக்கொண்டார். இது என் கணிப்பு. ஆனால் இந்தக் குறையைச் சொல்லாமல் அவரைக் கொண்டாட முடியாது.

ஒரே நகரம், இரண்டு பார்வை

1919-ல் பம்பாய்ப் பல்கலைக்கழகம் சமூகவியல், குடிமையியல் துறையைத் தொடங்கி கெடிஸைப் பேராசிரியராக்கியது. இந்தியாவின் முதல் சமூகவியல் துறை அது. நாடு முழுக்கச் சமூகவியல் படிக்கிறவர்களுக்கு இன்றும் பரிச்சயமான ஜி.எஸ். குர்யே, கெடிஸின் தேர்வில் கேம்பிரிட்ஜ் போய்ப் படித்துவிட்டு வந்து 1924-ல் அந்தத் துறையின் பொறுப்பை ஏற்றவர். வீட்டையும் தெருவையும் ஊரையும் பார்க்காமல் சமூகத்தைப் படிக்க முடியாது என்பதால், மாணவர்களை வெளியே நடக்க வைப்பது கெடிஸின் வழி. 1920-ல் ஜகதீஷ் சந்திர போஸின் வாழ்க்கை வரலாற்றையும் எழுதி வெளியிட்டார்.

அதே ஆண்டுகளில், அதே பம்பாயில், பரேலில் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் கட்டிய ஒரு சாலில் அம்பேத்கரின் குடும்பம் வாழ்ந்துகொண்டிருந்தது. சால் என்றால் நீண்ட வராந்தா, வரிசையாக ஒற்றை அறைகள், பொதுக் கழிப்பறை. 1918-ல் சிடன்ஹாம் கல்லூரியில் பொருளாதாரப் பேராசிரியராகச் சேர்ந்த அம்பேத்கர், அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் அந்தச் சாலில்தான் இருந்தார். கிராமத்தை அவர் எப்படிப் பார்த்தார் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அரசியல் நிர்ணய சபையிலேயே அதைக் கடுமையாக விமர்சித்தார். கெடிஸுக்குப் பழைய பேட்டை காக்க வேண்டிய செல்வம். ஒடுக்கப்பட்டவர்களுக்கோ பழைய பேட்டையை விட்டு வெளியேறி, பெயர் தெரியாத கூட்டத்தில் ஒரு அறை கிடைப்பதே விடுதலையின் ஒரு பங்கு. வீட்டைப் பற்றிப் பேசும்போது இந்த இரண்டையும் சேர்த்துத்தான் பேச வேண்டியிருக்கிறது.

1920-களின் தொடக்கத்தில் பம்பாய் அரசு இன்னொரு பெரிய வேலை செய்தது. பி.டி.டி. சால்கள். வொர்லி, நாய்காவ், டிலைல் ரோடு, சியூரி ஆகிய இடங்களில் 207 கட்டடங்கள். ஒரு அறை 160 சதுர அடி. மில் தொழிலாளர்களுக்கென்று கட்டியவற்றில் ஆரம்பத்தில் பல அறைகள் ஆளில்லாமல் கிடந்தன. வீடு இல்லாதவர்கள் நிறைந்த ஊரில் காலி அறைகள்! காரணம் வாடகையும் தூரமும். மக்களை இப்படி அடுக்கி வைப்பது கெடிஸுக்கு உவப்பில்லை. நூறாண்டு கழித்து இப்போது அந்தச் சால்கள் இடிக்கப்பட்டு, 500 சதுர அடி வீடுகள் கொண்ட உயர்ந்த கோபுரங்களாக மாறிக்கொண்டிருக்கின்றன. விற்பனைக்கான கோபுரங்கள்தான் அதற்குப் பணம் தரும் என்பது கணக்கு. நிலத்தின் மதிப்பை வைத்தே ஏழைக்கு வீடு என்ற டிரஸ்ட் காலத்து ஃபார்முலா வேறு சட்டை போட்டு வந்திருக்கிறது.

சரி, இன்றைய கணக்கு என்ன சொல்கிறது?

2012-ல் மத்திய அரசு அமைத்த தொழில்நுட்பக் குழு, இந்திய நகரங்களில் 1 கோடியே 87 லட்சத்து 80 ஆயிரம் வீடுகள் பற்றாக்குறை என்று மதிப்பிட்டது. இந்த எண்ணை நீங்கள் நிறையச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். உடனே நம் மனதில் வருவது நடைபாதையில் தூங்கும் குடும்பம். அட்டவணைக்குள்ளே போய்ப் பாருங்கள். வீடே இல்லாதவர்கள் சுமார் 5.3 லட்சம் குடும்பங்கள். கிட்டத்தட்ட 1.5 கோடி நெரிசல் கணக்கில் வருகிறது. அதாவது தலைக்கு மேல் கூரை இருக்கிறது, ஆனால் இடம் போதவில்லை. மொத்தப் பற்றாக்குறையில் 95 சதவீதத்துக்கும் மேல் குறைந்த வருமானக் குடும்பங்களுடையது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, அதே நகரங்களில் பூட்டிக்கிடந்த வீடுகள் சுமார் 1.1 கோடி.

பற்றாக்குறையின் பெரும்பகுதி நெரிசல் என்றால், மருந்தும் வேறு. இருக்கும் இடத்திலேயே ஒரு அறை கூட்ட, மாடி எடுக்க, தண்ணீர் குழாயும் கழிப்பறையும் கொடுக்க, பட்டா தர வழி செய்யலாம். நாம் பெரும்பாலும் செய்வது இன்னொன்று. 2004-ல் டெல்லியில் யமுனைக் கரையிலிருந்த குடியிருப்புகளை இடித்து ஆட்களை பவானா போன்ற நகர எல்லைகளுக்கு அனுப்பினார்கள். வேலை நடுநகரத்தில், வீடு எல்லையில். வீட்டு வேலைக்குப் போகும் பெண்களின் சம்பளத்தில் பஸ் டிக்கெட் எவ்வளவு எடுத்துக்கொள்ளும் என்று கணக்குப் பார்த்த பிறகா இடம் தேர்ந்தெடுத்தார்கள்? கெடிஸ் இருந்திருந்தால் அந்தக் கணக்கைத்தான் முதலில் கேட்டிருப்பார்.

பிறகு

இந்தியாவில் அவர் எழுதிய திட்டங்களில் முழுமையாக நிறைவேறியவை மிகக் குறைவு. பொறியாளர்கள் எதிர்த்தார்கள், அதிகாரிகள் மாறினார்கள். அவருடைய எழுத்தும் அவ்வளவு எளிதில்லை. ஒரே வாக்கியத்தில் ஐந்து துறைகளைத் தொடுவார். 1924-ல் உடல்நிலை காரணமாக இந்தியாவை விட்டு பிரான்சின் மோன்பெல்லியே நகருக்குப் போனார். 1925-ல் டெல் அவிவ் நகருக்கு அவர் தந்த திட்டம்தான் ஓரளவு வரைந்தபடியே எழுந்த ஒன்று. சர் பட்டத்தை ஒருமுறை மறுத்தவர், 1932-ல் ஏற்றுக்கொண்டார். சில வாரங்களில், ஏப்ரல் 17 அன்று, மோன்பெல்லியேயில் காலமானார்.

அறிக்கைகள் அலமாரிகளில் தூங்கின. 1947-ல் ஜாக்குலின் டிர்விட் என்ற நகரமைப்பாளர் அவற்றிலிருந்து பகுதிகளைத் தேர்ந்தெடுத்து ஒரு புத்தகமாக்கினார். முன்னுரை எழுதியவர், கெடிஸைக் குருவாகக் கொண்ட அமெரிக்க எழுத்தாளர் லூயிஸ் மம்ஃபோர்ட். கெடிஸைப் படித்து வளர்ந்தவர்களில் இன்னொருவர் ஜான் டர்னர். 1950-களில் பெரு நாட்டுக்குப் போன இந்தக் கட்டடக் கலைஞர், ஏழைகள் தாங்களே கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டும் வீடுகள், அரசு கட்டித்தரும் அடுக்குமாடிகளைவிட அவர்களின் வருமானத்துக்கும் வேலைக்கும் ஏன் பொருந்துகின்றன என்று எழுதினார். 1970-களில் உலக வங்கி முழு வீடு கட்டித்தருவதை விட்டு மனையும் அடிப்படை வசதியும் தரும் திட்டங்களுக்குப் போனதில் அந்த எழுத்துக்குப் பங்குண்டு.

அந்தத் திட்டங்களில் ஒன்று 1977-ல் சென்னைக்கு வந்தது. அரும்பாக்கத்தில் சின்ன மனைகள், தண்ணீர், கழிவுநீர் இணைப்பு, தெருவிளக்கு. பல மனைகளில் ஒரு கழிப்பறையும் ஒரு சுவரும்தான் முதலில் இருந்தன. மீதியைக் குடும்பங்கள் சம்பளம் வந்தபோதெல்லாம் கட்டிக்கொண்டன. ஓலை போய் ஓடு வந்தது, ஓடு போய் கான்கிரீட் வந்தது, மாடி ஏறியது, வாடகைக்கு ஒரு போர்ஷன் சேர்ந்தது.